புளியங்கொப்பு உயரத்துக்கு ஒரு குதிரை

நான் பார்த்த மனிதர்களிலேயே, 'இது உருப்படாது' என்று காலையில் சொல்லிவிட்டு, அதே காரியத்தை உருப்பட வைக்கப் பொழுது சாயும் வரை நாயாய் அலைந்தவர் ஒழுகல் சார் ஒருவர்தான். நம்பிக்கை உள்ளவர்கள் உழைப்பதை எங்கும் பார்க்கலாம். துளி நம்பிக்கையும் இல்லாமல் இப்படி உழைத்த ஆளை அவருக்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் நூலகர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நூலகம் ஒழுகியது, அவர் எந்நேரமும் அதையே பேசினார், பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன் மண்டபத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு பெண்ணின் அப்பாவிடம் போய், "மண்டபம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா சீக்கிரமே மேக்குச் செவுரு ஊறிரும்" என்று சொல்லிவிட்டு வந்து இலையில் உட்காருவார். கேட்டவர் முகத்தில் ஈயாடாது.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வீட்டுக்காரர் குவைத்தில். குரூப் ஃபோர் தேர்வு எழுதி எப்படியாவது ஒரு அரசாங்க வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஆனால் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் போதும், மாமியார் ஒரு முறத்தோடு வந்து நிற்பார். "சும்மாதான உக்காந்திருக்க, இந்த மொச்சைய உரிச்சிரு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணுக்குப் படிப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அதனால் நூலகத்துக்குப் போனேன்.

முதல் நாள் உறுப்பினர் அட்டை போடும்போது ஒழுகல் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குரூப் ஃபோரா?"

"ஆமா சார்."

"கிடைக்காதும்மா. எம்புட்டுப் பேரு எழுதுறாங்கன்னு தெரியுமா? ஒங்களுக்கு முன்னாடி இங்க உக்காந்து படிச்சவங்கல்லாம் இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க." அட்டையை நீட்டினார். "அந்தத் தெக்கு மூலையில போயி உக்காருங்க. அங்க மட்டுந்தான் சொட்டாது."

வெடுக்கென்று எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் மழைக்காலம் தொடங்கியபோதுதான் அந்த மூலையின் அருமை புரிந்தது. நூலகத்திலேயே நல்ல இடத்தை, கிடைக்காது என்று அவரே அடித்துச் சொன்ன ஒருத்திக்குக் கொடுத்திருந்தார்.

புத்தகங்களை அடுக்க நூலகத் துறையில் ஒரு முறை இருக்கிறது. எண் போட்டு, பொருள் வாரியாக. ஒழுகல் சார் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்து அடுக்கினார். போட்டித் தேர்வுப் புத்தகங்களும் குழந்தைகள் புத்தகங்களும் சொட்டாத பக்கம். நாவல்கள் லேசாகக் கசியும் பக்கம். குற்றாலம் மாதிரி கொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி வகையறா. "ஏன் சார் இதுங்கள மட்டும் இங்க வச்சீங்க?" என்று கேட்டேன். "வெற்றி பெறத் தெரிஞ்சதுங்கதான, நனையாமத் தப்பிச்சுக்கிரட்டும்" என்றார்.

ஆனால் நனைந்த புத்தகத்தை அவர் கையாள்வதைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டி, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் பழைய செய்தித்தாள் வைத்துக் காய வைப்பார். அப்போது பேச மாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "போயிருச்சு, இது போயிருச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அடுத்த தாளைப் பிரிப்பார்.

ஒழுகுவதற்குக் காரணம் ஒரு புளியங்கொப்பு. சாலையோரப் புளியமரத்திலிருந்து ஒரு பெரிய கொப்பு குறுக்கே வளர்ந்து, நூலகத்து மொட்டை மாடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. அது உதிர்க்கிற இலை போய் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை அடைக்கும். தண்ணீர் மாடியில் குளமாகத் தேங்கும். தளம் ஊறி உள்ளே சொட்டும். எத்தனை முறை கூட்டினாலும் மறுநாள் இலை நிறைந்திருக்கும். கொப்பை வெட்டிவிட்டுத் தளத்தைப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. இதை யாரும் மறுக்கவில்லை என்பதுதான் கொடுமை.

கட்டடம் யூனியன் ஆபீஸுக்குச் சொந்தம். அங்கே ஓவர்சியர் சொல்வார்: "தளத்தப் போட்டுத் தந்துருவேன் சார். ஆனா அந்தக் கொப்பு கெடக்குற வரைக்கும் எலை அடைக்கும், திரும்ப ஒழுகும். அப்பறம் ஆடிட்ல என்னையில்ல கேப்பாங்க? மொதல்ல கொப்ப வெட்டச் சொல்லுங்க."

மரம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அங்கே சொல்வார்கள்: "வெட்டுறது ஒண்ணுமில்ல சார், அரை நாள் வேலை. கொப்புக்குள்ள கரெண்டு கம்பி போகுதே. எங்க ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஈபியில லைன ஆஃப் பண்ணித் தரச் சொல்லுங்க."

கம்பி மின்வாரியத்துக்குச் சொந்தம். "ஆஃப் பண்ணலாங்க சார். அது மெயின் லைன், பக்கத்து ஊரெல்லாம் இருண்டுரும். ஹைவேஸ்காரங்க நாளு நேரம் போட்டு எழுதிக் குடுக்கட்டும்." நெடுஞ்சாலைக்காரர்களோ, கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் கேட்டால்தான் எழுத முடியும் என்பார்கள். யூனியனில் கேட்டால், "உள்ள நனையிறது ஒங்க புஸ்தகம், நீங்கதான கேக்கணும்" என்பார்கள். நூலகத் துறையின் மேலிடத்தில் கேட்டால், நம்முடையது அல்லாத கட்டடத்துக்கு நாம் எப்படிக் கேட்பது என்பார்கள். எல்லோர் பேச்சும் நியாயமாகத்தான் இருந்தது. மழைக்கு மட்டும் யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஒழுகல் சார் இந்த வட்டத்தில் செக்குமாடாகச் சுற்றினார். நூலகத்துக்கு விடுமுறை நாளானால் குடையை எடுத்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறிவிடுவார். "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றால், "யூனியனுக்குப் போறேன். நடக்காது. வர லேட்டாகும்" என்பார்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தன்மையான மனிதர். உப்பிப்போன அலமாரியையும், கொடியில் தொங்கிய புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அடுத்த மழைக்குள்ள தளம் சரியாகலைன்னா இந்த நூலகத்த மூடிட்டுப் புத்தகத்தையெல்லாம் டவுனுக்கு ஏத்திருவோம் சார். நனைய விட்டு வேடிக்கை பாக்க முடியாதுல்ல."

அவர் போன பிறகு எனக்கு அழுகையே வந்துவிட்டது. டவுன் நூலகத்துக்கு நான் எப்படிப் போவது? மினிபஸ் நேரத்துக்கு வராது. வந்தாலும், படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தினம் டவுனுக்குப் போய்வர எந்த மாமியார் விடுவார்? என்னைப் போல இன்னும் சில பெண்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூலை போனால் எங்கள் படிப்பு அத்தோடு போயிற்று. ஒழுகல் சார் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்க்கூட்டத்தில் புரவி எடுப்பு நடத்துவது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் அய்யனாருக்கு எடுக்கிற விழா அது. கண்மாயில் பிடிமண் எடுத்து, மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் கொடுப்பார்கள். அவர் அதில் தொடங்கி மண்குதிரைகள் செய்து சுட்டு வைப்பார். நேர்ந்துகொண்டவர்கள் அவற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, கொட்டு முழக்கத்தோடு கோயிலில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஊர்வலம் போவது நூலகத்து வாசல் வழியாகத்தான்.

மறுநாள் காலை ஒழுகல் சார் ஒரு மூங்கிலோடு வந்தார். ஒரு ஆளை வாசலில் நிறுத்தி, அவன் தோளிலிருந்து புளியங்கொப்பு எத்தனை உயரம் என்று மூங்கிலை வைத்து அளந்து, அதற்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டினார். "வாசகர்கள் பேர்ல அய்யனாருக்கு ஒரு குதிரை நேந்துக்கிருவோம். வாங்கம்மா" என்று எங்களையும் கூட்டிக்கொண்டு வேளார் வீட்டுக்குப் போனார்.

வேளார் மூங்கிலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "சார், இது குதிரையா, ஒட்டகமா?"

"குதிரைதாங்க. கழுத்து மட்டும் கொஞ்சம் கூட இருக்கட்டும்."

"இம்புட்டு ஒசரத்துக்குச் சூளையில வச்சா வெடிச்சிரும்."

"வெடிச்சிரும். எனக்கும் தெரியும். செய்யுங்க."

வேளார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நேத்திக்கடன் அய்யனாருக்கா, அந்தப் புளிய மரத்துக்கா? அத மட்டும் சொல்லுங்க."

"அய்யனாருக்குத்தான். அவருக்குத் தெரியாததா" என்றார் ஒழுகல் சார். வேளார் சிரித்துக்கொண்டே பிடிமண்ணில் தண்ணீர் தெளித்தார்.

விழாவுக்கு முன்னால் தாசில்தார் தலைமையில் எல்லாத் துறைக்காரர்களையும் வைத்து ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம் போடுவார்கள். நூலகரை யாரும் அதற்கு அழைப்பதில்லை. ஒழுகல் சார் அழையாமலே மூங்கிலோடு போனார். நேர்த்திக்கடன்காரர்கள் என்று நாங்களும் பின்னால் போய் நின்றோம்.

தாசில்தார் ஒரு அம்மா. கறாரானவர். "குதிரையெல்லாம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். ஒழுகல் சார் மூங்கிலை நிமிர்த்தினார். அது ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் போய் படீரென்று இடித்தது. பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தவர் மின்வாரியத்துக்காரர்.

"இது ஒரு குதிரைங்க மேடம்" என்றார் ஒழுகல் சார்.

தாசில்தார் மூங்கிலைப் பார்த்தார், மின்வாரியத்துக்காரரைப் பார்த்தார். "கம்பியில பட்டா என்ன ஆகும்?"

"ஊர்வலம் முடியிற வரைக்கும் லைன ஆஃப் பண்ணிர்றோம் மேடம்."

"நூலகத்துக்கிட்ட ஒரு கொப்பு கெடக்காமே?"

நெடுஞ்சாலைக்காரர் எழுந்தார். "ஈபியில முன்கூட்டியே ஒரு நாள் லைன ஆஃப் பண்ணித் தந்தா எடுத்திர்றோம் மேடம்."

"தந்துர்றோம்" என்றார் மின்வாரியத்துக்காரர். வருடக்கணக்கில் நடக்காதது, கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒழுகல் சார் இன்னும் உட்காரவில்லை. "மேடம், அந்த நூலகத்து மாடியிலதான் பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் ஏறி நின்னு குதிரை பாப்பாங்க. தளம் ஊறிப்போய்க் கெடக்கு. தாங்காதுங்க."

 எல்லோருடைய தலையும் ஓவர்சியர் பக்கம் திரும்பியது.

"ஏற விடாமப் பூட்டிருவோம் மேடம்" என்றார் ஓவர்சியர்.

"சாமி பாக்க வர்றவங்க பூட்டப் பாத்துத் திரும்பிருவாங்களா? இடிஞ்சு விழுந்தா நீங்க பதில் சொல்றீங்களா?" என்றார் தாசில்தார்.

"கொப்பு போயிருச்சுன்னா தளத்தப் போட்டுத் தந்துர்றேன் மேடம். நானும் ரொம்ப நாளா அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்." உண்மையிலேயே அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுகல் சார் குடையை விரித்தார். "பேசிட்டாங்க. செய்ய மாட்டாங்க" என்றார்.

செய்தார்கள். லைன் அணைந்தது, கொப்பு இறங்கியது, மேஸ்திரி வந்தார். பழைய தளத்தைக் கொத்திப் புதுக் கலவை போட்டபோது ஒழுகல் சார் மாடியிலேயே நின்றார். இந்தப் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம் போதாது, அந்தப் பக்கம் வெடிக்கும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நீங்க பேசுறதக் கேட்டா கலவை இறுகாது. கொஞ்சம் கீழ போங்க."

சூளையிலும் குதிரை வெடிக்கவில்லை. வேளார் உடம்பைத் தனியாகவும் கழுத்தைத் தனியாகவும் சுட்டுப் பொருத்தியிருந்தார். ஊர்வலத்தில் இடுப்பு உயரக் குதிரைகளுக்கு நடுவே எங்கள் குதிரை மட்டும் எட்டி எட்டி எதையோ தேடிக்கொண்டு போனது. ஊரே சிரித்தது. ஒழுகல் சாரும் குதிரையைக் கட்டித் தூக்கிய மரத்துக்குத் தோள் கொடுத்தார், கையில் குடை தொங்கியது. நூலகத்து வாசலுக்கு வந்ததும் எல்லோரும் குதிரையைப் பார்க்க, அவர் மட்டும் மாடியைப் பார்த்தார். வெளிப்படியில் ஏறி மாடி நிறையப் பெண்கள். என் மாமியாரும் அங்கே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாங்குது" என்றார் ஒழுகல் சார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். தோளில் குதிரையோடு நூலகர், பின்னால் பூட்டிய நூலகம். அன்று வேலைநாள். விடுப்பு எழுதிக் கொடுக்காமல் பூட்டிவிட்டு வந்திருந்தார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'பூட்டியது உண்மை' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். ஊரில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம், பலிக்கவில்லை. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மீமிசல் பக்கம், கடலோரத்தில் ஒரு கிராமம். ஒரு கொப்பு இறங்க அத்தனை காலம் எடுத்துக்கொண்ட உலகத்தில், இந்த உத்தரவு மட்டும் பறந்து வந்தது. எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

"ஒரு லீவு லெட்டர் எழுதி வைக்கக் கூடாதா சார்?" என்று ஆற்றாமையில் கத்தியே விட்டேன்.

"குதிரை முழுசா நம்ம வாசல் வரைக்கும் வந்து சேரும்னு நான் எங்கம்மா நினைச்சேன்" என்றார்.

கடைசி நாளன்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாவியைப் புதிதாகப் பொறுப்பேற்க வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என் மேசைப் பக்கம் வந்தார். "பரிச்சைய எழுதுங்க. கிடைக்காது. இருந்தாலும் எழுதுங்க" என்றார். மினிபஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் போட்டுத் தந்த தளத்தின் மேல் ஒரு மழைகூட அதுவரை பெய்திருக்கவில்லை.

ஐப்பசியில் பெய்தது. வெளுத்து வாங்கியது. நூலகத்தில் அன்று யாரும் படிக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சுவரெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் போய் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"சார், இங்க பேய் மழை. ஒரு சொட்டு உள்ள எறங்கல சார். நூலகத்த மூட மாட்டாங்களாம், இன்னைக்குத்தான் சொன்னாங்க."

"நல்லாப் பாத்தீங்களா? கெழக்குப் பக்கம்?"

"காஞ்சு கெடக்கு சார்."

 அந்தப் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது.

"அங்கிட்டும் மழையா சார்?"

"பெய்யுதும்மா. இங்கிட்டு ஓட்டுக் கட்டடம், ஒரு பக்கம் விடாம ஊத்துது. மேல மரமும் இல்ல, கம்பியும் இல்ல. எந்த ஆபீஸுல போயிக் கேக்குறதுன்னே தெரியல." வாளியில் தண்ணீர் விழும் சத்தம் போனில் கேட்டது. "வாளி நெறஞ்சிருச்சு, வச்சிர்றேன்."

அடுத்த வருடம் தேர்வில் நான் தேறினேன். அவரிடம் சொன்னபோது, "தூரமா எங்கிட்டாவது போஸ்டிங் போடுவாங்க பாருங்க" என்றார். பக்கத்திலேயேதான் போட்டார்கள். அவர் இன்னும் கடலோரத்தில்தான் இருக்கிறார். எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை வேண்டாம் என்று இங்கே யாரும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். நானும் ஊரோடு சேர்ந்து மழை கேட்டுத்தான் கும்பிடுகிறேன். கும்பிட்டு முடிக்கும்போது மட்டும், மீமிசல் பக்கம் அந்த ஒரு ஓட்டுக் கட்டடத்தை விட்டுவிட்டுப் பெய்யச் சொல்லி, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் கேட்டுக்கொள்கிறேன்.